ஆட்டத்தின் ஓரத்தில் நிற்பவர்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, நான் செய்துவரும் டிராமாடர்க் என்னும் ஒரே தொழிலைச் சுற்றி அமைந்திருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். பத்து ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றேன். முழங்கால் வலியால் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டேன். திருச்சூர் நாடக விழாவில் ஒரு நடன நாடகம் பார்த்தபோது, நிகழ்ச்சித் தாளில் நடன அமைப்பாளரின் பெயருக்கு அடுத்து ‘டிராமாடர்க்’ என்று ஒருவருடைய பெயர் இருந்தது. அவர் என்ன செய்கிறார்? ஆட்டத்தை விட மனமில்லாத என்னைப் போன்றவள் அந்த வேலைக்கு வர முடியுமா? எங்கே படிப்பது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் ஊர்ப்பக்கத்துப் பொறாட்டு நாடகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதில் சோத்யக்காரன் என்று ஒருவர் மேடையின் ஓரத்தில் நிற்பார். குறவனும் குறத்தியும், துணி வெளுக்கும் மண்ணானும் மண்ணாத்தியும் ஒவ்வொருவராக வந்து ஆடும்போது, நீ யார், எந்த ஊர், எதற்காக இங்கே வந்தாய், ஏன் அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்கக் கேட்கத்தான் கதை வெளியே வரும். விடியும்வரை ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். அவர் அதே இடத்தில் நிற்பார். டிராமாடர்க் என்பவரும் அப்படித்தான் நிற்கிறார். சோத்யக்காரன் பார்வையாளர் முன்னிலையில் கேட்பதை இவர் பார்வையாளர் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, ஒத்திகைக்கூடத்தில் கேட்டு முடித்துவிடுகிறார். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையாததால், தொழிலில் இருக்கும் நாங்களும் டிராமாடர்க் என்றே சொல்லிவருகிறோம்.

நாடகத்தில் கையில் ஒரு பிரதி இருக்கும். நடன நாடகத்தில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. நடன அமைப்பாளர் ஒரு படிமத்தோடோ ஒரு கேள்வியோடோ வருகிறார். ஆடுபவர்கள் அதற்குத் தங்கள் உடலால் பதில் தேடுகிறார்கள். ஒரு மாதம் கழியும்போது ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்து மணி நேரத்துக்கான துண்டுகள் குவிந்துகிடக்கும். மூன்றாம் நாள் யாரோ ஒருத்தி தற்செயலாகச் செய்த ஒரு திரும்பல் இருபதாம் நாளில் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். அதை நினைவில் வைத்திருப்பது எங்கள் முதல் வேலை. எந்தத் துண்டு எதற்குப் பின் வந்தால் என்ன பொருள் பிறக்கிறது, பாட்டும் ஒளியும் பேச்சும் ஆட்டத்துக்குத் துணை நிற்கின்றனவா அல்லது அதையே மீண்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றனவா, தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியை நடுவில் எங்கே தொலைத்தோம் என்று பார்ப்பது அடுத்தது. தேவையான வரலாறு, கவிதை, செய்தி, படம் ஆகியவற்றைத் தேடிக் கொடுப்பதும் நிகழ்ச்சித் தாள் எழுதுவதும் இதனோடு சேர்ந்தவை.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் காத்துக்கிடக்கும் கூலித் தொழிலாளரைப் பற்றிய ஒரு படைப்பில் நான் பணியாற்றினேன். வரிசையில் நிற்பதை மட்டுமே காட்டும் பகுதி பன்னிரண்டு நிமிடம் நீண்டது. நீளம் என்று கருதிய நடன அமைப்பாளர் அதை நான்கு நிமிடமாக்க விரும்பினார். நான்காம் நிமிடத்தில் பார்வையாளருக்குத் தெரியாத எது பன்னிரண்டாம் நிமிடத்தில் தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பன்னிரண்டு நிமிடத்தையும் வைத்துக்கொண்டு, அடியில் ஓடிய இசையை எடுத்துவிட்டார். ஆடுபவர்களின் மூச்சும் பாதம் மாற்றும் ஓசையும் அதன்பின்தான் கேட்டன. கேள்வி என்னுடையது, முடிவு முழுக்க அவருடையது.

இந்தப் பெயர் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1767ஆம் ஆண்டு ஹாம்பர்க் தேசிய நாடக அரங்கில் லெஸ்ஸிங் என்ற எழுத்தாளர் அமர்த்தப்பட்டு, அங்கே மேடையேறிய நாடகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்ததே தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நடனத்துக்கு அது வந்து சேர இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. ஜெர்மானிய நடன அமைப்பாளர் பினா பவுஷ் 1973இல் வூப்பர்டால் நகரின் நடனக் குழுவை ஏற்று, ஆடுபவர்களிடம் கேள்விகள் கேட்டு அவர்கள் தரும் பதில்களிலிருந்தே படைப்பை உருவாக்கும் முறையை வளர்த்தார். 1980 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவருக்கு டிராமாடர்க்காக இருந்த ரைமுண்ட் ஹோகே அதற்கு முன் பத்திரிகையாளர். மனிதர்களைச் சந்தித்து அவர்களைப் பற்றிய சித்திரங்கள் எழுதியவர். பின்னாளில் அவரே மேடையேறித் தம் சொந்தப் படைப்புகளை உருவாக்கினார். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, வங்கதேச வேர்கள் கொண்ட பிரிட்டிஷ் நடனக் கலைஞர் அக்ரம் கானின் ‘தேஷ்’. 2011இல் அரங்கேறிய அந்தத் தனி நடனத்துக்கு ரூத் லிட்டில் டிராமாடர்க். அதன் கதைகளை எழுதியவர்களில் முதன்மையானவர் கோட்டயத்தில் பிறந்த கவிஞர் கார்த்திகா நாயர்.

நான் பெயர்களை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. இவர்களில் யாரும் டிராமாடர்க் ஆக வேண்டும் என்று பதினெட்டு வயதில் தீர்மானித்து, ஒரு நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர்களாகத் தெரியவில்லை. பத்திரிகையிலிருந்தும், கவிதையிலிருந்தும், பல்கலைக்கழகத்திலிருந்தும், ஆடி நிறுத்திய உடலிலிருந்தும் மனிதர்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஆகவே உங்கள் முழங்கால் உங்களை இந்த வேலையிலிருந்து விலக்கவில்லை. அரைமண்டியில் அமர்ந்தால் தொடையில் எங்கே எரியும் என்பதை உடலால் அறிந்த ஒருவர் ஒத்திகைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது ஆடுபவர்களுக்குப் பெரிய ஆறுதல். நான் அந்த அறிவு இல்லாமல் வந்தவன், அதை ஈடுகட்ட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நீங்கள் வாழும் எல்லைப்புறத்தையும் ஒரு பயிற்சிக்களமாக எண்ணுங்கள். சித்தூரில் கும்ப மாதம் நடக்கும் கொங்கன் படைத் திருவிழா, கொங்குப் படையைப் பகவதியின் துணையோடு விரட்டிய வெற்றியைக் கொண்டாடுவது. அதே தெருவில் நின்று பார்க்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் போரில் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஒரு நிகழ்ச்சியை யாருடைய கண்ணால் காட்டுகிறோம் என்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கேள்வி. அது உங்களுக்குச் சிறு வயதிலேயே தெருவில் கிடைத்திருக்கிறது. பாரதப்புழைக் கரைக் காவுகளில் தோல்பாவைக் கூத்து நடத்தும் புலவர்கள், கம்பனின் விருத்தத்தைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த உரையால் அதை விரித்துக்கொண்டு போவதைக் கேளுங்கள். ஒரு பாடலுக்கும் ஒரு நிழலுக்கும் இடையே எவ்வளவு பேச்சைப் பொருத்தலாம் என்பதை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்களை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

படிப்பைப் பொறுத்தவரை, இதற்கென்று தனிப் பட்டம் ஒன்றை நம் நாட்டில் தேடி அலைவதில் ஆண்டுகளை வீணாக்க வேண்டாம். முதுகலையை முடியுங்கள். உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தொலைவில், திருச்சூர் அரணாட்டுக்கரையில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977 முதல் இயங்கிவருகிறது, ஜி. சங்கரப்பிள்ளை அதன் நிறுவன இயக்குநர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. சமகால நடனத்தை அருகிருந்து காண, பெங்களூரில் 1992இல் தொடங்கப்பட்ட ஆட்டக்களரி என்னும் நடன மையம் இருக்கிறது. வெளிநாட்டில் பிராங்க்பர்ட், லைப்சிக், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களில் இத்துறையிலேயே முதுகலை படிக்கலாம். ஜெர்மனியில் படிக்க ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நடன ஆய்வில் நாட்டம் மிகுந்தால், நான்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோரியோமுண்டஸ் என்னும் இரண்டாண்டு முதுகலைக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நாளைக்கே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை கையில் எழுதுகோல் வேண்டாம். பெல்ஜியத்தின் மரியானே வான் கெர்க்ஹோவன், நடன அமைப்பாளர் அன்னே தெரேசா டி கேர்ஸ்மேக்கரோடு பணியாற்றிய மூத்த டிராமாடர்க், இத்தகைய பார்வையை வற்புறுத்தியவர். அன்றிரவு வீட்டுக்கு வந்து, நினைவில் நின்றதை வரிசையாக எழுதுங்கள். இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால், நீங்கள் எதைப் பார்க்கத் தவறுகிறீர்கள், எதை இல்லாமலே கற்பனை செய்துகொள்கிறீர்கள் என்பது தெரியும். மூன்றாம் முறை மேடையைப் பார்க்காமல் பார்வையாளர்களைப் பாருங்கள்: எப்போது இருமுகிறார்கள், எப்போது அசையாமல் இருக்கிறார்கள் என்று. அதன்பின் ஏதேனும் ஒரு குழுவிடம் சென்று, ஒத்திகையில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். நான் அப்படித்தான் நுழைந்தேன். முதல் நான்கு மாதங்கள் யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை, தேநீர் வாங்கி வரவும் பாட்டுப்பெட்டியை இயக்கவும் மட்டுமே பயன்பட்டேன். அந்த மௌன மாதங்களில் கற்றதைத்தான் இன்றும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நட்டுவனாரும் ஆசானும் புலவரும் இருந்த நம் மரபில் இப்படி ஒருவர் தேவைப்படவே இல்லையே. வெளிநாட்டுப் பதவியை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்டித்தாவளம்

பதில்: ஐயா, பதவியின் பெயர் வெளியிலிருந்து வந்தது; வேலை இங்கே இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவியின் அரங்கேற்றத்துக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரோடு நன்னூற் புலவன் ஒருவனும் வேண்டப்படுகிறான். அவன் பாட்டு எழுதித் தந்துவிட்டுப் போகிறவன் அல்லன். நாட்டிய நூலும் இசைப்போக்கும் அறிந்து, மாற்றார் கூறக்கூடிய பழியை முன்னதாகவே உணர்ந்து செயல்பட வேண்டியவன். சேர நாட்டிலேயே இன்னொரு சான்றும் உண்டு. சேர மன்னன் குலசேகரவர்மனின் இரு வடமொழி நாடகங்களுக்கு எழுந்த வியங்கியவியாக்கியா என்னும் உரையில், மன்னன் ஓர் அந்தணரை ஆள் அனுப்பி வரவழைத்து, தன் நாடகங்களைத் தானே நடித்துக் காட்டி, அவற்றில் மறைந்திருக்கும் குறிப்புப் பொருளை எழுதிவைக்கும்படி கேட்டதாகச் செய்தி இருக்கிறது. ஆடுபவரையும் எழுதப்பட்டதையும் மாறி மாறிப் பார்த்து, இதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் அந்த அந்தணரை என் தொழிலின் முன்னோராகவே நான் எண்ணுகிறேன். கேரளத்தின் வடமொழி நாடகக் கலையான கூடியாட்டத்தின் நடிப்புக் கையேடுகளாகிய ஆட்டப்பிரகாரமும் கிரமதீபிகையும் அந்த நினைவைத்தான் ஓலையில் காத்து வந்தன.

அப்படியானால் இப்போது தனியாக ஒருவர் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. கூடியாட்டத்திலோ கதகளியிலோ நினைவு கலைவடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த முத்திரைக்குப் பின் எது வரும் என்பதை ஆசானின் உடலும் செண்டைக்காரரின் கையும் அறிந்திருக்கின்றன. இன்று புதிதாக உருவாகும் நடன நாடகத்துக்கு அப்படிப்பட்ட முன்னோர் இல்லை. கேரளத்திலிருந்து ஒரு களரி வீரரும், தஞ்சைப் பாணியில் பயின்ற ஒருவரும், ஆட்டமே கற்காத ஒரு நடிகரும் ஒரே கூடத்தில் ஆறு வாரம் சேர்ந்து எதையோ உருவாக்கும்போது, அந்த ஆறு வாரத்தின் நினைவைச் சுமக்க யாரையாவது நியமித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் மகள் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். தடுக்க மனமில்லை. வருமானம் இருக்குமா என்று மட்டும் நேர்மையாகச் சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, கொல்லங்கோடு

பதில்: ஜெர்மனியின் நகர அரங்குகளிலும் மாநில அரங்குகளிலும் டிராமாடர்க் என்பது ஒப்பந்தத்தோடும் மாதச் சம்பளத்தோடும் கூடிய பணி. நம் நாட்டில் அப்படி ஒரு நிலையான பணியை எதிர்பார்க்க முடியாது. படைப்புக்குப் படைப்பு பேசிக்கொள்ளும் தொகைதான். ஆண்டுக்கு இரண்டு படைப்புகள் கிடைத்தால் அது நல்ல ஆண்டு. எனக்கு முதல் மூன்று பணிகளில் சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் தவிர எதுவும் வரவில்லை. ஒரு குழு, எட்டு வாரம் நான் உடனிருந்து உருவான படைப்பின் நிகழ்ச்சித் தாளில் என் பெயரை நன்றிப் பட்டியலின் கடைசியில் போட்டது. அடுத்த ஊரில் அதையும் விட்டுவிட்டது. அந்த வருத்தம் இன்னும் முழுமையாக ஆறவில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எனவே உங்கள் மகள் பணியை ஏற்கும் முன்பே சில விவரங்களை எழுத்தில் பெற வேண்டும்: எத்தனை நாள் ஒத்திகைக்கு வர வேண்டும், தொகை எவ்வளவு, அது எந்தெந்தக் கட்டத்தில் வரும், பெயர் எங்கே எப்படி அச்சாகும், படைப்பு வேறு ஊர்களுக்குப் போகும்போது தனித்தொகை உண்டா என்பவை. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். இதில் நிலைத்திருப்பவர்கள் கூடவே இன்னொரு வேலையையும் வைத்திருக்கிறார்கள். சிலர் கல்லூரியில் கற்பிக்கிறார்கள், சிலர் விழாக்களுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலர் ஒளியமைப்பு செய்கிறார்கள், சிலர் மொழிபெயர்க்கிறார்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை, 25 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் கிடைப்பது. பெங்களூரிலுள்ள இந்தியா பவுண்டேஷன் பார் தி ஆர்ட்ஸ் கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை வழங்கிவருகிறது. இவற்றை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது, ஆனால் ஓர் ஆய்வை முடிக்க முடியும். ஆசிரியர் பணிக்கான தகுதியையும் அவள் பெற்றுக்கொள்ளட்டும். ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்துப் பார்க்கும் வசதி குடும்பத்துக்கு இருக்குமானால், ஐயா, அவளை அனுப்புங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: என் புதிய படைப்புக்கு இலக்கிய அறிவுள்ள நண்பர் ஒருவரை டிராமாடர்க்காக அழைத்தேன். நல்ல கருத்துகளைச் சொல்கிறார். ஆனால் எல்லாவற்றையும் மாணவிகள் முன்னிலையிலேயே சொல்வதால், அவர்கள் இப்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். எல்லையை எங்கே வகுப்பது?
— நடன ஆசிரியை, பாலக்காடு

பதில்: இன்று மாலையே வகுத்துவிடுங்கள். லெஸ்ஸிங்கே இந்தத் தவற்றைச் செய்தவர்: நடிகர்களின் நடிப்பைக் குறைகூறி எழுத, அவர்கள் கொதித்தெழ, நடிகர்களைப் பற்றி எழுதுவதையே அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. நானும் என் இரண்டாவது பணியில், ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நேராகச் சென்று, உங்கள் கை இங்கே பொய் சொல்கிறது என்று கூறிவிட்டேன். நான் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம். அடுத்த பத்து நாட்கள் அந்தப் பெண் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் பார்த்தாள். அவளுடைய ஆட்டத்திலிருந்து நான் பறித்ததைத் திருப்பித்தர என்னால் முடியவில்லை.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறையை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். ஒத்திகையின்போது பேசுவதில்லை. முடிந்தபின் நடன அமைப்பாளரோடு மட்டும், முடிந்தால் நடந்துகொண்டே, பேசுவேன். இப்படிச் செய்யுங்கள் என்று சொல்வதைத் தவிர்த்து, பார்த்ததை விவரிப்பேன்: ‘மூன்று பேரும் சுவரை நோக்கித் திரும்பியபோது இது ஒரு வீடு என்று நினைத்தேன், அடுத்த நிமிடம் சிறை என்று தோன்றியது, எது உங்கள் எண்ணம்?’ என்பது போல. நடுவில் ஒரு வாரம் வேண்டுமென்றே வராமல் இருப்பேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தோன்றத் தொடங்கிவிடும், அந்தத் தெளிவு பார்வையாளருக்கு இருக்காது. அரங்கேற்றத்துக்கு முந்திய வாரத்தில் பெரிய கேள்விகள் எதையும் எழுப்புவதில்லை. அப்போது ஆடுபவர்களுக்கு வேண்டியது உறுதி. எனக்குச் சந்தேகம் இருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடுத்த நிகழ்ச்சிக்குப் பின் எடுக்கிறேன். இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டும் அவருடைய கருத்தை நீங்கள் ஏற்காதபோது அவர் மனம் கசந்தால், அவர் தமக்கென்று ஒரு படைப்பைச் செய்ய விரும்புகிறார் என்று பொருள். அது நல்ல விருப்பம்தான். உங்கள் ஒத்திகைக்கூடத்தில் அல்லாமல் வேறிடத்தில் அது நிறைவேறட்டும்.

கேள்வி: தமிழும் தெலுங்கும் எனக்கு ஒன்றுபோலத் தெரியும். மொழிபெயர்ப்பாளராக இத்துறைக்குள் நுழையலாமா?
— கல்லூரி மாணவர், ஆந்திரப் புத்தூர்

பதில்: நுழையலாம்; நல்ல வாசல் அது. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா என்னும் நடன நாடகம் நடக்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களைத் தமிழ் மண்ணில் இன்றும் ஆடிவருகிறார்கள். வந்து பார்ப்பவர்களில் பலருக்கு அந்தத் தெலுங்கு புரிவதில்லை. ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, காட்சிக்கு ஒரு தாள் வீதம், அங்கே என்ன பாடப்படுகிறது, அப்போது உடல் என்ன செய்கிறது, இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று தமிழில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். எழுதிய தாள்களோடு, உங்களுக்குப் பிடித்த நடனக் குழு எதுவோ அதனிடம் போய், அடுத்த படைப்பின் முதல் ஒத்திகையன்று உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.